முயற்சியாண்மைக் கல்வியும் அதனை அளக்கும் முறையும்

தொழிற்பயிற்சி பெறும் இளைஞர்க்கு முயற்சியாண்மையையும் கற்பித்தல் வேண்டும் என்னும் கொள்கை இன்று நம் நாட்டில் ஏறத்தாழ எல்லாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிட்டது. தச்சு, தையல், மின்னிணைப்பு, வாகனத் திருத்தம் முதலிய தொழில்களுள் ஒன்றைக் கற்ற ஒருவன் பிறரிடம் வேலை தேடி அலையாது, தானே ஒரு தொழிலைத் தொடங்கிப் பிறர்க்கும் வேலை கொடுக்கவல்லவனாதல் நன்றென்பதை மறுப்பார் இலர். ஆயின், அக்கல்வி கருதிய பயனைத் தருகின்றதா என வினவுவார்க்குக் கிடைக்கும் விடையோ பெரும்பாலும் ஓர் எண்ணாகவே இருக்கின்றது. இத்துணைப் பேர் பயின்றனர். இத்துணைப் பேர் சான்றிதழ் பெற்றனர். இத்துணைப் பேர் சுயதொழில் தொடங்கினர் என ஆண்டறிக்கைகள் கூறும். அவ்வெண்கள் மெய்யேயாயினும், கேட்கப்பட்ட வினாவுக்கு அவை விடையாகா. தொடங்கியவர் எத்துணைக் காலம் நிலைத்தனர், பயிற்சி பெறாதிருப்பினும் அவர் தொடங்கியிருப்பாரா, தொடங்காதவர் எவ்விடத்தில் தடைப்பட்டனர் என்பனவே நாம் அறியவேண்டியவை.

இக்குறையைத் தெளிவாக உணர்வதற்கு, கல்வித்துறைக்கு முற்றிலும் புறம்பானதாகத் தோன்றும் ஒரு துறை நமக்கு உதவுகின்றது. உயிர்க்கலம் தன் உறுப்புக்களைத் தானே உண்டு செரிக்கும் செயலை ஆராயும் விஞ்ஞானிகள், நாம் இன்று நிற்கும் இதே மயக்கத்தில் ஒருகால் நின்றனர். ஒரு கணத்தில் கண்ணுக்குப் புலப்படுவதை எண்ணிவிட்டு, அதனையே நிகழ்ச்சியின் வேகமாகக் கொண்ட பிழையை அவர்கள் உணர்ந்து, அதனை விலக்குதற்குரிய ஒழுங்குகளையும் வகுத்துக்கொண்டனர். அவ்வொழுங்குகளை அளவுகோலாகக் கொண்டு நமது முயற்சியாண்மைக் கல்வியையும் அதன் மதிப்பீட்டையும் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், முயற்சியாண்மை என்பது ஒரு தனிப் பாடமாக ஏன் வேண்டப்பட்டது என்பதை நோக்குவோம். கண்டி நகரைச் சூழ்ந்த ஊர்கள் கைவினைக்குப் பெயர்பெற்றவை. பிலிமத்தலாவைப் பகுதியிற் பித்தளை வார்ப்போரும், எம்பக்கைப் பகுதியில் மரஞ்செதுக்குவோரும், தும்பறைப் பகுதியில் நாரினாற் பாய் நெய்வோரும் இன்றும் உளர். தும்பறைப் பாய் நெய்யுங் கலை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. இத்தகைய குடும்பங்களிற் பிறந்த சிறுவன் தொழிலை மட்டும் கற்பதில்லை. மூலப்பொருளை எங்கே வாங்குவது, எவர்க்குக் கடன் கொடுப்பது, எம்மாதத்தில் விலை ஏறும், எத்தரகனை நம்பலாம் என்பனவற்றையும் தந்தையின் அருகிருந்தே கற்றுக்கொள்கின்றான். கைத்திறனும் சந்தையறிவும் அவனுக்குப் பிரிவுபடாத ஒரே கல்வியாகும்.

இக்கைவினைஞரின் பழைய வாழ்வை ஆராய்ந்து, 1908ஆம் ஆண்டில் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டவர் கொழும்பிற் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி. கலைஞரின் திறத்தை மட்டுமன்றி, அத்திறம் எவ்வகைச் சமுதாய ஏற்பாட்டில் நிலைபெற்றிருந்தது என்பதையும் அவர் ஆராய்ந்தார். அரசனுக்கும் கோயிலுக்கும் செய்யும் பணிக்கு ஈடாகக் கைவினைஞர் காணி பெற்றிருந்தனர். எனவே, அக்காலக் கைவினைஞனுக்குத் தொழில் கையிலும், நிலம் காலடியிலும், பணிகொள்வோர் கண்ணெதிரிலும் இருந்தனவெனலாம். இன்றைய பயிற்சி நிலையம் ஓர் இளைஞனுக்கு இம்மூன்றனுள் முதலாவதை மட்டுமே வழங்குகின்றது. ஏனைய இரண்டின் இடத்தையும் நிரப்புவதற்காகவே முயற்சியாண்மைப் பாடம் வந்து சேர்ந்தது. நிலமும் கொள்வோரும் இல்லாத வெற்றிடத்தை ஒரு பாடம் நிரப்புமா என்பது அன்றே எழுந்திருக்கவேண்டிய வினா.

பிறப்பின் வழியன்றிப் பள்ளியின் வழியே தொழிலைக் கற்பிக்கும் முயற்சி நம் நாட்டிற் புதியதன்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர கல்வியமைச்சராயிருந்த 1930களில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸையிற் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. பயிர்ச்செய்கையையும் கைப்பணியையும் கிராம வாழ்வையும் பாடத்தோடு இணைத்தல் அதன் குறிக்கோள். பின்னர், 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தின் வழியாகத் தொழில்முன்னிலைப் பாடங்கள் இடைநிலை வகுப்புக்களிற் புகுத்தப்பெற்றன. 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தோடு அவை கைவிடப்பட்டன. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை நான்காண்டுகள் கற்கவேண்டிய அப்பாடங்களை முற்றாகக் கற்றுமுடித்தோர் இரண்டு மூன்று அணியினரே ஆவர். அவர்கள் வளர்ந்து எத்தொழிலிற் புகுந்தனர், கற்றது அவர்க்கு உதவியதா என்பவற்றை அறிதற்கு வேண்டிய காலம் கழியுமுன்னரே திட்டம் முடிந்துவிட்டது. புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் தம் கொள்கையைக் கூறினரேயன்றி, அளந்து கண்ட ஒன்றைக் கூறினாரல்லர்.

கடலுக்கு அப்பாலும் இதுவே நிகழ்ந்தது. சென்னை மாநிலத்தில் 1953ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்துப் பிள்ளைகள் எஞ்சிய பொழுதிற் பெற்றோர் தொழிலைப் பயில வகைசெய்தது. பிறப்பையும் தொழிலையும் மீண்டும் முடிச்சிடுவதாக எழுந்த எதிர்ப்பினால் 1954ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானதே. தொழிற்கல்வி எவர் பிள்ளைக்கு என்னும் வினா அன்று போலவே இன்றும் உயிரோடிருக்கின்றது. 1965ஆம் ஆண்டில், கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் ஃபொஸ்டர் என்னும் கல்வியியலறிஞர், மாணாக்கர் தொழிலைத் தேர்வது பள்ளிப் பாடத்தைப் பார்த்தன்று. வெளியுலகில் எத்தொழிலுக்கு ஊதியமும் மதிப்பும் உளவோ அதனைப் பார்த்தே என்று வாதிட்டார். பாடத்திட்டத்தை மாற்றினால் மாணாக்கரின் வாழ்வு மாறிவிடும் எனக் கருதுவோர் இன்றும் அவர் வாதத்திற்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர்.

இன்றைய நிலைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டின் சட்டத்தின்வழி மூன்றாம் நிலைக் கல்வியையும் தொழிற் கல்வியையும் ஒழுங்குசெய்யும் ஆணைக்குழு தோன்றியது. 1995ஆம் ஆண்டின் சட்டத்தின்வழி தொழிற்பயிற்சி அதிகாரசபை தோன்றியது. தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் ஏழு படிகளாக அமைந்துள்ளது. 2017ஆம் ஆண்டில் தொடங்கிய பதின்மூன்றாண்டு உறுதிசெய்யப்பட்ட கல்வித் திட்டம், சாதாரணதரப் பரீட்சையில் தேறாதவரும் தொழிற்பிரிவிற் சேர்ந்து கற்க வழி திறந்தது. இவற்றையெல்லாம் குறைகூறுதல் எம் கருத்தன்று. பிறப்பை வினவாது வாயிலைத் திறந்துவைத்தமை பெருநன்மையேயாகும். குறை, முயற்சியாண்மை என்ற பெயரிற் கற்பிக்கப்படும் பொருளிலும், அதன் பயனை அளக்கும் முறையிலும் உள்ளது.

பொருளை முதலில் எடுத்துக்கொள்வோம். முயற்சியாளனின் பண்புகள் யாவை என்னும் வினாவுக்குத் தன்னம்பிக்கை, இடர் ஏற்குந் துணிவு, புத்தாக்கம், விடாமுயற்சி என ஒரு பட்டியலை மாணாக்கன் எழுதி முழுப்புள்ளியும் பெறுகின்றான். இப்பட்டியலிற் காணப்படுவன யாவும் ஒருவனுடைய நெஞ்சினுள் இருப்பன. அவன் கைப்பையில் உள்ளதும் அவன் ஊரில் உள்ளதும் அதில் இடம்பெறுவதில்லை. நம் வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். ஆனால், அவரே வலியறிதலுக்கும் காலமறிதலுக்கும் இடனறிதலுக்கும் வினைசெயல்வகைக்கும் வெவ்வேறு அதிகாரங்கள் வகுத்தார் என்பதைப் பெரும்பாலார் மறந்துவிடுவர். முயற்சியை மட்டும் பிரித்தெடுத்துப் போற்றி, வலியையும் காலத்தையும் இடத்தையும் விட்டுவிட்ட கல்வி, தோல்வியுற்றவனை நோக்கி உனக்கு முயற்சி போதாது என்று சொல்வதற்கே ஆசிரியனைப் பழக்கும். இதுவே இப்பொருளில் நாம் அஞ்சவேண்டிய பெருங்கேடு.

இனி, அளக்கும் முறைக்கு வருவோம். இங்கேதான் உயிரியல் ஆய்வுகூடத்தின் துணை நமக்குக் கிடைக்கின்றது. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியான் டி டூவ் 1955ஆம் ஆண்டில் இலைசோசோம் என்னும் கலவுறுப்பை விளக்கினார். அது கலத்தின் செரிப்பறை போன்றது. அமிலத்தன்மை வாய்ந்த அதன் உட்பகுதியிலுள்ள நொதியங்கள் புரதம் முதலியவற்றைச் சிதைக்கும். கலத்தின் பகுதிகளே மென்சவ்வுப் பைகளினாற் சூழப்பெற்று அச்செரிப்பறையை அடைந்து சிதைகின்றன என்பது இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வாயிலாகத் தெரியவந்தது. 1963ஆம் ஆண்டில் டி டூவ் அதற்கு ஓட்டோஃபாஜி என்று கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயரிட்டார். தன்னுண்ணல் என அதனைத் தமிழிற் கூறலாம். பழுதுற்ற பகுதிகளை அகற்றுதற்கும், உணவு கிடையாத காலத்தில் உயிர்தாங்குதற்கும் கலம் இச்செயலை மேற்கொள்கின்றது. டி டூவ் 1974ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவரானார்.

எனினும், அச்செயலை ஆராய்தல் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. பைகள் தோன்றுகின்றன; செரிப்பறையை அடைகின்றன; அடைந்தவுடன் அழிந்துவிடுகின்றன. விரைந்து அழிவதை எண்ணுதல் எங்ஙனம்? யப்பானிய அறிஞர் யொஷினோரி ஒசுமி இதற்கு ஓர் எளிய உபாயங் கண்டார். மதுவக் கலத்தின் புன்வெற்றிடம், விலங்குக் கலத்தின் இலைசோசோமைப் போலவே செரிக்கும் தொழிலைச் செய்வது. அங்குள்ள புரதஞ்சிதைக்கும் நொதியங்கள் இல்லாத மதுவ வகையைத் தேர்ந்து, அதனை நைதரசன் ஊட்டமின்றிப் பட்டினியிட்டார். சில மணி நேரத்தில் அழியாத சிறு பைகள் புன்வெற்றிடத்தில் வந்து குவிந்தன; சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியின் கீழே அவை தென்பட்டன. 1992ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. அடுத்த ஆண்டில், பைகள் குவியாத மதுவ விகாரங்களைத் தேடியெடுத்து, இச்செயலுக்கு இன்றியமையாத பதினைந்து பரம்பரையலகுகளின் இருப்பை அவரும் அவர் துணைவரும் காட்டினர். 2016ஆம் ஆண்டில் நோபெல் பரிசு ஒசுமியை வந்தடைந்தது.

ஒசுமியின் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. பைகள் குவிந்தது செயல் மிகுந்ததனாலன்று, இறுதிப்படி தடைப்பட்டதனால். அவர் தாமே தடையை அமைத்தமையால் அதனை அறிந்திருந்தார். தடை எங்குள்ளதென அறியாத ஒருவர் அக்குவியலை மட்டுங் கண்டால் யாது முடிவு கூறுவார்? தன்னுண்ணல் பெருகிவிட்டதென்றே கூறுவார். உண்மையில் அது பாதி வழியில் நின்றுபோயிருக்கும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின்மீது ஒரு மாலைப்பொழுதில் எடுத்த புகைப்படத்தில் வாகனங்கள் நெருங்கி நிற்கக் கண்டால், பல வாகனங்கள் பாலத்தைக் கடந்துகொண்டிருக்கின்றன எனக் கருதவும் இடமுண்டு. ஒன்றேனும் கடவாது நிற்கின்றன எனக் கருதவும் இடமுண்டு. ஒரு படம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

இம்மயக்கத்தை நீக்குதற்கு ஆய்வாளர் கைக்கொண்ட முறை வருமாறு. எல்சி-3 என்னும் புரதம் பைகளின் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும் என்பது 2000ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆதலின் அதனை அளந்து பைகளின் அளவை உய்த்துணரலாம். ஆயின், அதனை ஒரு முறை அளப்பது போதாது. ஒரு பகுதிக் கலங்களை வாளா விட்டும், மற்றொரு பகுதிக் கலங்களிற் செரிப்பைத் தடுக்கும் பஃபிலோமைசினையோ, மலேரியா மருந்தாக நாம் நன்கறிந்த குளோரோகுயினையோ இட்டும், இரண்டிலும் அப்புரதத்தை அளப்பர். தடுத்த கலத்தில் மிகுதியாகச் சேர்ந்த அளவே, தடுக்காத கலத்தில் ஓடிச் செரிந்துபோன அளவு. அவ்வேறுபாடே ஓட்டம் எனப்படும். இத்தோடு, தன்னுண்ணலாற் சிதைவுறும் பி-62 என்னும் மற்றொரு புரதம் குறைகின்றதா என்றும் பார்ப்பர். இவ்வாய்வு முறைகளுக்கான வழிகாட்டி நெறிகளைப் பன்னாட்டு ஆய்வாளர் கூடி 2008ஆம் ஆண்டில் முதன்முறையும், 2021ஆம் ஆண்டில் நான்காம் முறையும் வெளியிட்டனர். இருப்பை ஓட்டமெனக் கொள்ளற்க என்பதும், எந்த ஓர் அளவையையும் தனித்து நம்பற்க என்பதும் அவற்றின் சாரமாகும்.

இந்நெறிகளை நம் பொருளுக்குப் பொருத்துதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொருளியலறிஞர் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்தோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும் செய்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, கொழும்பையும் கண்டியையும் சூழ்ந்த நகர்சார் பகுதிகளின் பெண்களைப் பற்றியதே. சர்வதேசத் தொழில் நிறுவனம் வகுத்துப் பல நாடுகளிற் பரவியுள்ள தொழில் தொடங்குதலும் மேம்படுத்தலும் பற்றிய பயிற்சியே அங்கு ஆராயப்பட்டது. முன்னரே சிறுதொழில் நடத்திக் குறைந்த வருவாய் பெற்றோர் ஒரு தொகுதியினர். தொழில் தொடங்க விரும்பியோர் மற்றொரு தொகுதியினர். ஒவ்வொரு தொகுதியிலும் எழுமாற்றாகச் சிலர்க்குப் பயிற்சி மட்டும் அளிக்கப்பட்டது; சிலர்க்குப் பயிற்சியை முடித்தபின் 15,000 ரூபா முதலும் அளிக்கப்பட்டது; எஞ்சியோர்க்கு ஒன்றும் அளிக்கப்படவில்லை. பின்னர், இரண்டாண்டுக் காலத்தில் நான்கு முறை சென்று அனைவரையும் கண்டு வினவினர்.

கண்ட முடிவுகள் ஊன்றி நோக்கத்தக்கவை. முன்னரே தொழில் செய்தோர்க்குப் பயிற்சி மட்டும் அளித்தபோது அவர்தம் தொழில் நடத்தும் முறை ஓரளவு திருந்தியது. ஆயினும், இலாபமோ விற்பனையோ முதலோ உயரவில்லை. பயிற்சியோடு முதலும் பெற்றோர்க்கு முதல் எட்டு மாதங்களில் இலாபம் பெரிதும் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அவ்வுயர்வு மறைந்துவிட்டது. புதிதாகத் தொடங்க விரும்பியோர் பயிற்சியினால் விரைந்து தொழிலிற் புகுந்தனர். ஆனால், இறுதிக் கணக்கெடுப்பில், பயிற்சி பெற்றாருள் தொழில் உடையோரின் விகிதம் பெறாதாரின் விகிதத்தினும் மிக்கதாக இல்லை. எனினும், பயிற்சி பெற்றுத் தொடங்கியோரின் தொழில்கள் இலாபத்திலும் நடைமுறையிலும் மேம்பட்டிருந்தன.

இவ்வாய்வாளர் எட்டாம் மாதத்தோடு நின்றிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? திட்டம் பெருவெற்றி என அறிக்கை எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் ஆண்டின் முடிவில் மட்டும் சென்று பார்த்திருப்பின், யாதொரு பயனும் இல்லை என்று எழுதப்பட்டிருக்கும். பயிற்சி பெறாதாரைப் பாராது பெற்றோரை மட்டும் எண்ணியிருப்பின், தொழில் தொடங்கியோர் அனைவரும் பயிற்சியின் பயனாகவே தொடங்கினர் என்று எண்ணப்பட்டிருக்கும். மூன்றும் பிழையான முடிவுகளாகும். ஓட்டத்தை நான்கிடத்தில் அளந்தமையாலும், ஒப்புநோக்குதற்கு வேறொரு குழுவை வைத்தமையாலும், ஒன்றை விடுத்துப் பல அளவைகளைக் கொண்டமையாலுமே உண்மை ஒருவாறு வெளிப்பட்டது. இம்மூன்றும் ஆய்வுகூடத்தார் வகுத்த ஒழுங்குகளோடு ஒத்திருத்தலைக் கற்போர் உணர்வர்.

அவ்வாய்வைக்கொண்டு எல்லாவற்றையும் முடிவுசெய்தலும் ஆகாது. அதில் இடம்பெற்றோர் நகர்சார் பெண்கள். பயிற்சியோ குறுகிய காலத்தது. கலகாவிலோ தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ ஒரு தோட்டத்திற் பிறந்து, ஈராண்டு ஒரு தொழிலை முறையாகக் கற்று, பதினெட்டாம் வயதில் வெளிவரும் இளைஞனுக்கு அம்முடிவு அப்படியே பொருந்துமென்பதற்கு ஆதாரம் இல்லை. பொருந்தாதென்பதற்கும் ஆதாரம் இல்லை. அவனைத் தொடர்ந்து சென்று பார்த்தாலன்றி அதனை அறிதல் இயலாது. அவ்வாறே, கலத்தையும் மனிதனையும் ஒப்பிடுவதற்கும் எல்லை உண்டு. ஆய்வாளன் கலத்தின் வழியைத் தானே அடைத்துப் பார்க்கலாம். இளைஞனின் வழியை அடைத்துப் பார்க்கும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆயின், அடைப்பதற்கு நமக்குத் தேவையும் இல்லை. வழி பல இடங்களில் ஏற்கெனவே அடைபட்டே கிடக்கின்றது. எங்கெங்கே என்று கண்டறிதலே நம் கடன்.

மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களை எண்ணுக. அவருட் பெரும்பாலார்க்குத் தாம் வாழும் லயன் அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லை. உறுதி இல்லாதவன் எதனை ஈடுவைத்துக் கடன் பெறுவான்? கற்கும் மொழியில் ஒரு தடை இருக்கலாம். தமிழில் நடைபெறாத வகுப்பில் அமர்ந்தவன் கைவேலையைக் கண்டு கற்றுக்கொள்வான், கணக்கையும் சட்டத்தையும் எங்ஙனம் கற்பான்? தோட்டத்தில் வாழும் தையற்காரிக்கு அயலார் எல்லாரும் ஒரே நாட்சம்பளத்தை நம்பி வாழ்பவர். சம்பள நாளிற் பெருகும் வாடிக்கை மாத நடுவில் வற்றிவிடும். இவற்றுள் எது அவளைத் தடுத்தது என அறியாது, மற்றொருமுறை தன்னம்பிக்கையைப் பற்றி விரிவுரை நிகழ்த்துதல், செரிப்பறை பழுதுற்ற கலத்தில் மேலும் மேலும் பைகளைத் தோற்றுவித்தலை ஒக்கும். குவியல் வளரும், கலம் பிழையாது.

தொழில் இன்னும் நடக்கின்றதா என்னும் ஒற்றை வினாவும் நம்மை ஏமாற்றவல்லது. பட்டினியுற்ற கலம் தன் பகுதிகளை உண்டு சிறிது காலம் உயிர்வாழ்தல்போல, வருவாய் குன்றிய சிறுகடையும் தன் முதலை உண்டு சிறிது காலம் திறந்தேயிருக்கும். நம் உழவர் இதனை விதைநெல்லை உண்ணுதல் என்பர். 2022ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்து, அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு விலைச்சுட்டியின் ஏற்றம் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டை எட்டியபோது, எத்தனை தையற்காரிகள் நூல் வாங்க வைத்திருந்த பணத்தில் அரிசி வாங்கியிருப்பர்! அவ்வாண்டில் அவர்களை எண்ணச் சென்றவர்க்கு அக்கடைகள் நடக்கும் தொழில்களாகவே தோன்றியிருக்கும். மறுபுறம், அவ்வாண்டில் தொழிலை மூடியவர் யாவரும் பயிற்சியிற் குறையுடையார் எனக் கூறுதலும் கொடுமையாகும். காலத்தின் கேட்டையும் பயிற்சியின் கேட்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், அதே காலத்தில் பயிற்சியின்றித் தொழில் செய்தாரையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒப்புநோக்குங் குழு என்பதன் பயன் இதுவே.

ஆகவே, முயற்சியாண்மைக் கல்வியை நடத்தும் நிலையங்களிடத்தும், அவற்றிற்கு மாணாக்கரை அனுப்பும் பள்ளிகளிடத்தும் நாம் வேண்டுவன சில. முதலாவது, பயிற்சி முடியும் நாளிற் கணக்கை மூடாது, அந்நாளிலேயே கணக்கைத் தொடங்குதல் வேண்டும்; ஆறாம் மாதத்திலும், ஓராண்டிலும், ஈராண்டிலும் ஒவ்வொருவரையும் வினவிப் பதிதல் வேண்டும். இரண்டாவது, இடம் போதாமையால் விண்ணப்பித்தோருட் சிலரை விலக்க நேரும்போது, தகுதி ஒத்தவரிடையே திருவுளச்சீட்டினால் தேர்ந்து, இடம் பெறாதாரையும் அதேபோலத் தொடர்ந்து வினவுதல் வேண்டும். இது நடுநிலையான தேர்வும் ஆகும். நேர்மையான அளவையும் ஆகும். மூன்றாவது, தொழில் உண்டா இல்லையா என்பதோடு நில்லாது, இலாபம், கைமுதல், கடன், உழைக்கும் மணி ஆகியவற்றையும் கேட்டல் வேண்டும். நான்காவது, தொழிலை விட்டவர் ஏன் விட்டார் எனக் கேட்டல் வேண்டும். நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்துக் கடையை மூடியவர் தோற்றவரல்லர். அவரைத் தோல்விக் கணக்கில் எழுதும் அறிக்கை தொழிற்கல்வியின் நோக்கத்தையே அறியாத அறிக்கை.

இவ்வாறு அளப்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமே எனச் சிலர் தடை கூறலாம். நாடளாவிய ஆய்வுக்கு அது வேண்டும்தான். ஆயின், ஒரு பள்ளியினின்று ஓராண்டில் தொழிற்பயிற்சிக்குச் செல்வோர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியது. அவர்தம் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஆண்டிற்கு இருமுறை தொலைபேசியில் அழைத்துக் கேட்பதற்கு ஓர் ஆசிரியரும் பழைய மாணாக்கர் சங்கத்தார் இருவரும் போதும். உயர்கல்வி பெற்ற பழைய மாணாக்கரின் பெயர்களைப் பொற்பலகையிற் பொறித்துவைக்கும் நம் கல்லூரிகள், மோட்டார்த் திருத்தம் கற்கச் சென்ற மாணாக்கன் எங்குள்ளான் என்பதை அறியாதிருக்கின்றன. அவன் மறக்கப்பட்டது எவருடைய தீய எண்ணத்தாலும் அன்று. அவனை எண்ணுவதற்கென ஒரு பத்தி நம் ஏடுகளில் வகுக்கப்படாமையே காரணம்.

கற்பிக்கும் பொருளையும் இதற்கேற்ப மாற்றலாம். பண்புப் பட்டியலுக்கு மாறாக, தன் ஊரிலுள்ள ஒரு சிறுதொழிலை ஓராண்டு கவனித்து, அதன் வரவையும் செலவையும் மாதந்தோறும் பதிந்து, எம்மாதத்தில் ஏன் தளர்ந்தது என விளக்குமாறு மாணாக்கனைப் பணிக்கலாம். பித்தளை வார்ப்பவன் மகன் தந்தையிடமிருந்து இயல்பாகக் கற்பதை, அத்தகைய தந்தை இல்லாத மாணாக்கனும் ஒருவாறு கற்பதற்கு இதுவே வழி. வணிக மாணாக்கர்க்கு இது கணக்கியலும் ஆகும். விஞ்ஞான மாணாக்கர்க்கு நோக்கலும் பதிதலும் ஆகும். ஒரு தொழில் எங்ஙனம் தளர்கின்றது என்பதைக் கண்ணாற் கண்டவன், தான் தொடங்கும்போது எங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதை அறிவான். தளர்ந்த பிறனை இகழவும் மாட்டான்.

முயற்சியாண்மைக் கல்வியை ஒழிக்கவேண்டும் என்பது இத்திறனாய்வின் முடிபன்று. பயிற்சி பெற்றுத் தொடங்கியோரின் தொழில்கள் மேம்பட்டிருந்தன என்னும் முடிவை மேலே கண்டோம். அது சிறிய பயனன்று. ஆனால், அக்கல்வியால் ஆகக்கூடியது யாது, அதனால் ஆகாது முதலும் காணியும் மொழியுரிமையும் சந்தையுமே செய்யவேண்டியது யாது என்பதைப் பிரித்துக் காட்டாத வரையில், ஆகாத யாவற்றிற்கும் இளைஞனின் சோம்பலே காரணமெனக் கூறப்படும். அப்பழியை அவன்மீது சுமத்துமுன், அவன் சென்ற வழியை ஈராண்டேனும் தொடர்ந்து நோக்கிக் கணக்கு வைத்தோமா என்று ஆசிரியராகிய நாம் நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.